உங்கள் பெயரை அம்மா கொடுக்கவில்லை

என்னுடைய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. அம்மா நோர்வேயில், ஸ்டோவ்னரில் அதே ஏழாம் மாடியில்தான் இருக்கிறா. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கதை மட்டும் முன்பைவிடக் கூடிவிட்டது. அதற்குக் காரணம் தம்பி ஜூட் என்று சொன்னால் நம்புவீர்களா?

உங்கள் மகன் மோர்மன் சபையில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் அவனோடு நேராகக் கதைத்ததே இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்து எதிரில் இருந்தாலும், 'தம்பியிட்டைக் கேள், சோறு காணுமோ எண்டு' என்று என்னிடம்தான் சொல்லுவீர்கள். "கோப்பி குடிக்கக் கூடாதாம், தேத்தண்ணியும் கூடாதாம். நோர்வேக் குளிரிலை இது என்ன வேதம்?" என்று ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். அவன் சிரித்தான். ஊரில், பேசாலையில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கொடி தூக்கிய குடும்பம், ஸ்டோவ்னர் ரயில் நிலையத்தில் வேதம் சொல்லி நின்ற இரண்டு வெள்ளைச் சட்டைப் பொடியன்களின் பேச்சில் போய்விட்டதே என்ற கோபம் உங்களுக்கு. அந்தக் கோபம் தணியும் முன்பே மாரடைப்பு வந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உங்கள் பெட்டியை அவனும் தூக்கினான். பூசையில் கடைசி வாங்கில் இருந்தான். நற்கருணை எடுக்க எழும்பவில்லை. அம்மா அதைக் கவனித்தா.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவன் மனைவி இங்ரிட்டையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தான். அவர்களுடைய சபையில் திங்கள் பின்னேரம் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நேரமாம். ஒரு பாட்டு, ஒரு செபம், ஏதாவது இனிப்பு, பிறகு கதை. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து நகரத்தின் மறுமுனைக்கு ரயில் மாறி வந்தார்கள். இங்ரிட் ஏலக்காய் பணிஸ் சுட்டுக் கொண்டு வருவாள். அம்மா அவர்களுக்கென்றே கொக்கோ வாங்கி வைத்தா. அவனுடைய வேலையிடத்தில் எல்லோரும், பழைய காலத்து மோர்மன்கள் பல தாரம் கட்டினதை நினைத்து, தொலைக்காட்சியில் வரும் மோர்மன் பெண்களைப் பார்த்துவிட்டு 'உனக்கு எத்தனை பெண்சாதி?' என்று கேட்கிறார்களாம். ஜூட் அதைச் சொல்ல அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவன் அம்மாவிடம் பெயர்கள் கேட்பான். "அப்பான்ரை அப்பப்பாக்கு என்ன பேர்? ஆரைக் கட்டினவர்? எத்தினை பிள்ளையள்?" அம்மாவுக்குத் தெரியாத உறவு உண்டா? அவ சொல்லச் சொல்ல எழுதினான். பேசாலைப் பங்குக் கோயிலுக்கும் கடிதம் போட்டு ஞானஸ்நானப் பதிவுகளைக் கேட்டான்.

அப்படியே போயிருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வரும்போது யாரோ அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானமே எனக்கு ஃபோன்.

"பிள்ளை, இவன் பேர் கேக்கிறது அப்பாவைத் தங்கடை சபையிலை சேக்கிறதுக்கோ? செத்த ஆக்களுக்கும் ஞானஸ்நானம் குடுப்பினமாமே?"

உண்மைதான் அப்பா. உயிரோடிருக்கும் ஒருவர் அவர்களுடைய ஆலயத்தில், இறந்தவரின் பெயரால் தண்ணீரில் மூழ்கி எழும்புவார். இறந்தவர் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் அம்மாவுக்கு அது விளங்கவில்லை, விளங்கவும் அவ விரும்பவில்லை.

அடுத்த நாள் திங்கள். மணி அடித்தது. அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. நானும் உள்ளேதான் இருந்தேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். சின்னவள் இரண்டு கையாலும் பணிஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவைத் திறக்கவில்லை, அப்பா. அம்மாவுக்காகத் திறக்கவில்லையா, உங்களுக்காகத் திறக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வேலை முடிந்து நேரே மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், "அப்பான்ரை பேரைக் குடுத்திட்டியோ?"

"இல்லை அக்கா. அம்மா ஓம் எண்டு சொல்லாமல் குடுக்கேலாது. அது எங்கடை சபைச் சட்டம்."

"அப்ப ஏன் முதலே கேக்கேல்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "பயம். அப்பா என்னை வேண்டாம் எண்டிட்டுப் போட்டார். அம்மாவும் வேண்டாம் எண்டால் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

"போய்க் கேள். கேட்டு என்ன சொல்லுறாவோ அதைக் கேட்டு நட" என்றேன்.

சனிக்கிழமை தனியாக வந்தான். இந்தமுறை நான்தான் கதவைத் திறந்தேன். அம்மாவுக்கு முன்னால், கதிரையில் இராமல், கம்பளத்தில் இருந்தான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். எதற்காகப் பெயர் சேர்த்தான், அதில் என்ன செய்வார்கள், குடும்பம் முழுவதும் மறுமையிலும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று. கடைசியில் கேட்டான்: "அம்மா, அப்பான்ரை பேரைக் குடுக்கட்டோ?"

அம்மா சொன்னா, "இல்லை, தம்பி. அப்பாக்குப் பேசாலையிலை ஞானஸ்நானம் குடுத்தாச்சு. அதோடைதான் வாழ்ந்தவர், அதோடைதான் போனவர். நான் செத்தாலும் அந்தப் பேரைக் குடுக்கக் கூடாது. என்ரை பேரையும் குடுக்கக் கூடாது."

அவன் முகம் எப்படிப் போனது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவனுடைய நம்பிக்கையில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதான். ஆனாலும் "ஓம் அம்மா, குடுக்க மாட்டன்" என்றான்.

அம்மா அவன் தலையில் கையை வைத்தா. "அங்கை ஒண்டாயிருக்கிறதைக் கடவுள் பாப்பார். நீ திங்கக்கிழமை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. இஞ்சை ஒண்டாயிருப்பம்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவனிடமே சொல்லியிருப்பீர்களா, என்னிடம் சொல்லியிருப்பீர்களா?

திங்கட்கிழமைகள் திரும்ப வந்தன. பெயர் எழுதுவதை அவன் நிறுத்தியிருந்தான். அம்மாதான், "ஏன் விட்டனீ? எங்கடை ஆக்களை எங்களுக்காக எழுது. பிள்ளையளுக்குத் தெரியட்டும்" என்றா. பங்கிலிருந்து பதில் வந்தது அதற்குப் பிறகுதான். உங்களுடைய பதிவு, அதன் கீழே உங்கள் தங்கச்சி பிலோமினாவின் பதிவு. கூடவே ஒரு குறிப்பு: இதே பிலோமினாவின் பதிவைத் திருச்சியிலிருந்து அவருடைய மகள் போன வருடம் கேட்டிருந்தார், ஜூட் கேட்ட விபரத்தை அவருக்கும் அறிவித்திருக்கிறார்களாம்.

அப்பா, உங்கள் தங்கச்சி உயிரோடு இருக்கிறா.

அந்த மகளே ஃபோன் எடுத்து எல்லாம் சொன்னா. சண்டைக் காலத்தில் மண்டபம் அகதி முகாமுக்குப் போன படகு கவிழ்ந்ததாகத்தான் உங்களுக்குச் சொன்னார்கள். அவ ஏறியது வேறு படகு. உங்களை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டதாக முகாமில் அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் நீங்கள் அவவின் பெயருக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். அவவும் அங்கே உங்கள் பெயருக்கு ஒப்புக்கொடுத்தாவாம். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் இறந்தவர் என்று நினைத்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அதைக் கேட்டபோது எனக்குத் தம்பியின் மேலிருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது. அவன் செய்ய நினைத்ததும் அன்பினால்தானே? அம்மாவின் 'இல்லை' சரி. அவன் கேட்டதும் பிழையில்லை.

ஒரு திங்கள் பின்னேரம் ஃபோனில் பிலோமினா மாமியின் முகத்தைப் பார்த்தோம். உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு. முதல் கேள்வியே, "அண்ணை எங்கை? கதைக்க மாட்டாரோ?"

ஜூட்தான் சொன்னான். "மாமி, அப்பா மோசம் போட்டார். போன வருசம்."

மாமி அழுது ஓய்ந்து, "கடைசி நேரத்திலை ஆர் பக்கத்திலை நிண்டது?" என்று கேட்டா.

"அக்கா நிண்டவ. நான் பிந்திப் போனன்" என்றான் ஜூட். பிறகு, "நீங்கள் கிடைச்சதுக்கு நான் பிந்தேல்லை, மாமி" என்றான்.

கோடை விடுமுறைக்கு எல்லோரும் திருச்சிக்குப் போகிறோம். அம்மா இப்போதே வாசலில் பெட்டியைத் திறந்து வைத்து நாளுக்கொரு சேலை அடுக்குகிறா. மாமி கேட்பதையெல்லாம் நான் மறைக்காமல் சொல்லுவேன், அப்பா. நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள், எப்படிப் போனீர்கள், மகனோடு கதையாமல் இருந்த வருடங்கள் எல்லாவற்றையும். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுவேன். இனி யார் சார்பிலும் அவனுக்கு நான் கதவு அடைக்க மாட்டேன்.

உங்கள் மூத்த மகள், ஜூட்டுக்கு அக்கா,
ஸ்டெல்லா