காய்ச்சல் இல்லை, காற்றுதான்

பிப்ரவரி 9

இன்றும் மூன்று பேர் வந்தார்கள். வௌவாலைப் பிடித்து எச்சில் துடைத்தெடுக்கும் கால்நடை டாக்டர் விசெத், எங்களிடம் ரத்தம் எடுக்கும் நர்ஸ், கேள்வித்தாளோடு சன்மொனி. வௌவாலிலிருந்து புது நோய் ஏதும் ஆளுக்குத் தாவுகிறதா என்று பார்க்கிறார்களாம். ஊரிலேயே என் முற்றத்தில்தான் வௌவால் அதிகம். உயரத்தில் பனையோலை கட்டிவிட்டிருக்கிறேன். அதில் தொங்கி எச்சம் போடும், உரத்துக்கு விற்பேன்.

"தாத்தா, வீட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"இல்லம்மா. கிழவிக்குக் கோபம்தான் நூத்திநாலு டிகிரி."

சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 12

என் கிழவி சோபோனுக்குக் காற்று பிடித்துவிட்டது. உடம்பு கொதிக்கிறது, இருமல். தைலம் தடவி, காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டிவிட்டேன். கோடு கோடாகச் சிவந்தது.

"முதுகைச் சுரண்டுறியா, மீன் செதில் எடுக்கிறியாய்யா?"

திட்டுகிறாள். பிழைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 13

இன்று திட்டவில்லை.

பிப்ரவரி 14

சன்மொனி வந்தாள். காய்ச்சலா என்றாள். இல்லை, காற்றுதான் என்றேன். எழுதப் போனவள் சோபோன் முதுகைப் பார்த்தாள், தொட்டாள்.

"அனலாக் கொதிக்குதே தாத்தா!"

"அதான் காத்துன்னு சொன்னேனே. காய்ச்சல்னா ஆஸ்பத்திரி. காத்துன்னா சுரண்டினாப் போயிடும்."

"இந்த மாசம் ஊர்ல எத்தனை வீட்டுல காத்து?"

விரல்விட்டு எண்ணினேன். பதினொன்று. அவள் பழைய தாள்களைப் புரட்டினாள். பதினொரு தாளிலும் 'இல்லை'தான் இருந்தது. விசெத்துக்குப் போன் போட்டாள்: "சார், நாம தப்பான வார்த்தையைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

சோபோனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிப்ரவரி 15

உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய்.

ஓலை கட்டினவன் நான்தானே? தண்ணிச் சாடிக்கு மூடி போடுய்யா, எச்சம் விழுதுன்னு ஒரு வருஷமாக் கத்தினாள். "உரம்டி, குடிச்சா நீயும் ரெண்டு அங்குலம் வளருவே"ன்னு கேலி பண்ணினேன். மூடியிருந்தா என்னடா கிழவா குறைஞ்சு போயிருக்கும்—

பிப்ரவரி 16

நாலு சாடிக்கும் மூடி போட்டேன். பார்க்கத்தான் அவள் இல்லை.

பிப்ரவரி 18

விசெத் சொன்னார்: வௌவால் நோய் இல்லை. ஃப்ளூ, நெஞ்சில் இறங்கிவிட்டதாம். அப்போதுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

"அப்போ என் வௌவாலுங்க நல்லவங்கதானே டாக்டர்?"

"இந்தத் தடவை, தாத்தா. மத்த பத்து வீட்டு முடிவு இன்னும் வரல."

அந்த 'இந்தத் தடவை' தூங்க விடவில்லை.

பிப்ரவரி 24

சோபோன் வீட்டுக்கு வந்து மூன்று நாள். மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

சன்மொனி புதுத் தாளோடு வந்தாள். முதல் கேள்வியே மாறியிருந்தது.

"வீட்டுல யாருக்காவது காத்து பிடிச்சுதா, தாத்தா?"

நாக்கு நுனிவரை ஒரு கேலி வந்துவிட்டது. சோபோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் என் முதுகைச் சுரண்டிவிட்டவள் அவள்தான்.

திரும்பி உட்கார்ந்து சட்டையைத் தூக்கினேன்.