ஒண்டிக்குடி என்று நீ சொன்ன உயிர்

சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டோரம், எருக்கஞ்செடியில் அந்தச் சிவப்புப் பூச்சிகளை இன்று காலை பார்த்தேன். உடனே கோபம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதால் அது குறையவில்லை.

அறுபதுகளில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த உன் ரத்தப் பரிசோதனைக் கடைக்குத்தான் நேராக வருவேன். நீ முறையாகப் படித்தவன். நான் பழைய புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தவன். எருக்கம்பூச்சியின் குடலை உன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சாட்டை போன்ற ஒற்றை வாலைச் சுழற்றி நீந்தும் ஒட்டுண்ணிகள். ஈயின் குடலிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் எருக்கம்பூச்சியில் கிடைத்த ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் ஒரு பாக்டீரியா குடியிருந்தது. ஒட்டுண்ணி இரண்டாகப் பிரிந்தால் அதுவும் கூடவே பிரிந்து ஆளுக்கொன்றாகப் போனது.

"இது வேற இனம்யா. தனியா எழுது" என்றேன்.

"உருவம் ஒண்ணுதானே? உள்ள இருக்கிறது ஒண்டிக்குடி. வாடகைக்கு வந்தவனுக்காக வீட்டு நம்பர மாத்துவாங்களா?" என்று சிரித்தாய்.

நம் லைன் வீடுகளில் ஒண்டிக்குடி இல்லாத வீடு ஏது? அதனால் அந்தச் சொல் உனக்குச் சுலபமாக வந்துவிட்டது. பிறகு இரண்டையும் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துப் பார்த்தோம். சத்துக்கான ஆட்டு ரத்தம் கலக்காத இறைச்சிச் சாற்றில் ஈயின் ஒட்டுண்ணிகள் செத்தன, எருக்கம்பூச்சியினுடையவை தழைத்தன.

"எந்த ஊர்ல ஒண்டிக்குடி வீட்டுக்காரனுக்கு ஆக்கிப் போடுறான்?" என்று கேட்டேன்.

"இன்னாய்யா, பூச்சி வயித்துக்கும் ரேஷன் கார்டு கேப்ப போல" என்றாய்.

பிறகு நான் ஒரு கல்யாணத்துக்காகப் பூதிகோட்டை போயிருந்தேன். திரும்பி வந்தபோது, எருக்கம்பூச்சி ஒட்டுண்ணிகள் மிஞ்சியிருந்த ஒரே குழாயில் நீ டைபாய்டு மருந்தை ஊற்றி வைத்திருந்தாய். "கிருமி இருந்துச்சு, கழுவிட்டேன்" என்றாய். பார்த்தேன். வால் ஆடியது, உள்ளே பாக்டீரியா இல்லை. ரத்தமில்லாத சாற்றுக்கு மாற்றினேன். எல்லாம் செத்தன. ஆக்கிப் போட்டது யார் என்று அப்போதாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ சொன்னது இதுதான்: "இப்போ ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்குது? பிரிக்கிறதுக்கு இன்னா இருக்கு?"

அதன் பிறகு பிடித்த எந்தப் பூச்சியிலும் பாக்டீரியா குடியிருக்கும் ஒட்டுண்ணி கிடைக்கவில்லை. வித்தியாசத்தை நீயே அழித்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்றாய். உன் சாவுக்கு வந்து மாலை போட்டேன். உன் முடிவை ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன்.

இன்றும் எதைப் பற்றியாவது யாராவது "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால், "அதுக்கு முன்னாடி எத கழுவின?" என்று கேட்கிறேன். விழிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் விழித்திருக்கமாட்டாய்.