பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கத்தரிக்கோல்

அண்ணா,

ஊத்துக்குளி ரோட்டில் நாம் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் புதிதாக டிவி வைத்திருக்கிறார்கள். நேற்று மாலை அதில், ஒருவனுக்குள்ளேயே இரண்டு ஆள் இருக்கும் அந்தப் படம் ஓடியது. கதாநாயகன் கண்ணாடி முன் நின்று அழுகிறான். பிறகு கண் செருக, வேறு ஒருவன் குரலில் சிரிக்கிறான். பின்னால் வயலின்கள் அலறுகின்றன. பக்கத்தில் நின்றவர் வடையை மென்றபடியே கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்கண்ணனுக்கு வந்ததும் இதே வியாதிதானுங்களே?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. இந்த ஊருக்கு உங்களைப் பற்றிக் கடைசியில் தெரிந்தது ஒரு சினிமாதான்.

நம் மாமாவின் பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டராக இருந்த அந்த ஷிப்மெண்ட் சமயம் நினைவுக்கு வருகிறது. தூக்கமில்லை, சாப்பாடில்லை. துணி வெட்டுவதோடு நிற்காமல் காலர் மாதிரிகளை நீங்களே புதிது புதிதாக உருவாக்கினீர்கள். பேச்சு அருவி மாதிரி கொட்டியது. வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது பயந்திருப்பார்கள். திருப்பூரில் தூங்காதவன்தான் நல்ல வேலைக்காரன். மாமா உங்கள் தோளைத் தட்டி, "எம்பட மருமகனப் பாத்துக் கத்துக்கோங்கடா. மனுசன் மிசினாட்ட ஓடறான்" என்று டெய்லர்களிடம் பெருமையடித்தார். அதுதான் நோயின் உச்சம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த பையரிடம், இந்தத் தெரு முழுவதையும் வாங்கப்போகிறேன் என்று நீங்கள் கை கொடுத்த பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் பொறுமையான மனிதர். இருமுனைக் கோளாறு என்று பெயர் சொல்லி, மாமாவுக்கும் அம்மாவுக்கும் புரியும்படி விளக்கினார். "இவர் எப்பவும் ஒரே ஆள்தான். மனசு சில மாசம் ரொம்ப மேல போகும், சில மாசம் ரொம்பக் கீழ இறங்கும். கீழ இறங்கறப்பத்தான் நீங்க கூடவே இருக்கணும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க." மாமா பக்தியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு, மிசின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து முடித்ததும், மாமா வழக்கம்போல கம்பெனி ஆட்கள் அத்தனை பேரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். நேற்று டிவியில் ஓடிய இதே படம்தான். கதாநாயகனுக்குள் இருக்கும் இன்னொருவன் ஆளைக் கொல்லக் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் விசில் பறந்தது. நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு என் காதருகே குனிந்தீர்கள்.

"தம்பி, நான் இப்படியாடா சிரிச்சேன்?"

"இல்லீங்ணா."

"பொய் சொல்லாத கண்ணு."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரை என்னைவிட எவ்வளவோ பெரியதாக இருந்தது.

மறுநாள் திருநெல்வேலிக்கார டெய்லர் ஒருவன் உங்களைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு வந்திருக்கது எந்த ஆளு?" என்றான். "ரெண்டு பேருமே லீவுடா, நான் சும்மா வந்தேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். ஆனால் மாமா சிரிக்கவில்லை. உங்களைக் கட்டிங் மேசையிலிருந்து எடுத்து, லேபிள் பிரிக்க உட்கார வைத்தார். இருபது வயதிலிருந்து உங்கள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நம் ஊட்டில் அருவாமனைகூட ஒளிந்துகொண்டது.

பிறகு நீங்கள் அமைதியானீர்கள். டீ முன்னால் ஆறிக்கொண்டிருக்கும், ஆடை படியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டால் பதில் வரும், ஆனால் எங்கிருந்தோ வரும். இந்தக் காட்சியை எந்த இயக்குநரும் எடுக்கமாட்டார். இதில் வயலினுக்கு வேலையில்லை. எல்லோரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வராததால் குணமாகிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

"பாரு, எப்படிச் சாதுவாயிட்டான்! இனி எதுக்கு மாத்திர? ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சாச் சரியாப் போயிரும்" என்றார் மாமா. படத்தின் கடைசியிலும் அப்படித்தான். கதாநாயகி கையைப் பிடிக்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விழுகிறது, வியாதி போய்விடுகிறது.

டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "உங்க பாடத்தையெல்லாம் காலேசுல நடத்துங்க வாத்தியாரே" என்றார் மாமா. குன்னத்தூரிலிருந்து பெண் வீட்டார் வரும்போது மாத்திரை கண்ணில் படக்கூடாது என்று டப்பாவோடு எடுத்துப் போனார். நான் புதிதாக வாங்கி வந்து உங்கள் கையில் வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

"மாமா சொல்றாருல்ல. நல்லாயிட்டேனாமா."

அம்மாவிடம் மன்றாடினேன். தன் அண்ணனான மாமாவின் பேச்சைத் தாண்டி அம்மா ஒரு நாளும் நடந்ததில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். கூட்டி வாருங்கள் என்றார். நீங்கள் கட்டிலை விட்டு எழவில்லை. படித்த படிப்பையும் இரண்டு வெறும் கைகளையும் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

பெண் வீட்டார் வருவதாக இருந்த வாரத்தில், ஒரு மத்தியானம், நீங்களாகவே உயிரை முடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அம்மா அலறியபடி முதலில் ஓடிப்போய்த் திறந்து பார்த்தது அந்தத் தகரப் பெட்டியைத்தான். கத்தரிக்கோல் பத்திரமாகவே இருந்தது.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. வந்தவர் கண்ணில் படும்படி மேசைமேல்தான் கிடக்கிறது. உங்கள் கட்டைவிரல் தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். உங்கள் திதிக்கு வரும்போதெல்லாம் மாமா அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்காருகிறார்.

நீங்கள் போய்விட்டீர்கள் அண்ணா. அவருக்குள் அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை.