அக்காவின் மரண அறிவித்தல்

செவ்வாய்க்கிழமை

அக்கா செத்து ஐந்து நாளாம். இன்று சந்தையில் மீன்காரி சொல்லித்தான் தெரியும். உடனே பஸ் ஏறி நிலாவெளிக்குப் போனேன். அக்காவின் மகள் தவமணி வாசலிலேயே மறித்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ சின்னம்மா? ரேடியோவில மூண்டு தரம் சொன்னதே!"

காணிச் சண்டைக்குப் பிறகு பதினொரு வருஷமாய் எனக்கும் அக்காவுக்கும் கதை பேச்சு இல்லை. கதை இல்லாத வீட்டுக்குச் சாவை ரேடியோதான் சொல்லும். அதற்காகவே ஒரு நாளும் தவறாமல் மரண அறிவித்தல் கேட்கிறவள் நான்.

"ஒரு மாசமா ரேடியோ இரையுதடி. பற்றரியும் மாத்திப் பாத்தனான்."

"பொய். கோவத்திலதான் வரேல்லை. அறிவித்தலில உங்கட பேரையும் போடச் சொல்லிப்போட்டுத்தான் அம்மா கண்ணை மூடினவ."

திரும்பும்போது ரேடியோ திருத்துகிறவனிடம் கேட்டேன்.

"உங்கட ரேடியோ பிடிக்கிற அலையை நிப்பாட்டிப்போட்டாங்கள் ஆச்சி. இனி டிஜிட்டல். புது ரேடியோ வேணும், இல்லாட்டிப் போனில கேக்கலாம்."

என்னிடம் யார் கேட்டு நிறுத்தினார்கள்? நாசமாய்ப் போவார்கள்! அக்கா பதினொரு வருஷத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். போன் வைத்திருக்கிற ஊரெல்லாம் அதைக் கேட்டிருக்கிறது. நான் இரைச்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அலையை நிறுத்தினவர்களையும் மன்னிக்கமாட்டேன், ஓர் ஆளை அனுப்பாத தவமணியையும் மன்னிக்கமாட்டேன். அக்காவை மட்டும்…