நூறு குச்சிப் பாலம்

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்க போன் எடுக்கறதில்ல, அதான் பேனா எடுத்தேன். கடிதாசிய கட் பண்ண முடியாதுல்ல. சாப்பிடுறீங்களா? பொய் எழுதாதீங்க.

தங்கச்சி நம்மள விட்டுப் போனப்புறம், உங்க பல்கலைக்கழகத்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அவ நடத்தின அந்த இன்ஜினியரிங் நாள நடத்த ஆளில்லையாம். நிறுத்தப் போறதா எங்க ஸ்கூலுக்கு லெட்டர் வந்திருக்கு. கிளாஸ்ல படிச்சேன். "அப்ப நாங்க கட்டின பாலத்த யார் சார் எடை வச்சு உடைப்பா?"ன்னு ஒருத்தி கேட்டா. நாப்பது பேரும் என்னையே பாக்கறாங்க. நான் வரலாறு வாத்தியார் மாப்ள, பாலத்துல நடக்க மட்டும்தான் தெரியும். நீங்க நடத்துங்க.

உங்க மச்சான்

ஜூன் 10

மச்சானுக்கு,

சாப்பிடுறேன். லேப் ஓடுது. வேற சேதி இல்ல.

என்னால முடியாது. அவ பிள்ளைங்களுக்குப் பட்டப்பேர் வைப்பா, பாட்டுப் பாடுவா. எனக்கு எடை படிக்க மட்டும்தான் வரும்.

மாதிரிக்கு அவ செஞ்ச பாலம் இன்னும் அலமாரியில இருக்கு. விதி அவ போட்டதுதான்: நூறு ஐஸ் குச்சி, பசை, வேற எதுவும் கூடாது. நாப்பத்தொரு கிலோல உடையும்னு கணக்குப் போட்டுச் சொன்னேன். "அறுபது தாங்கும். தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்"னா. சோதிக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரி. அத நான் தொடறதில்ல. தூசி கூடத் தட்டல.

மாப்பிள்ளை

ஜூன் 15

மாப்ள,

எடை படிச்சாப் போதும், பாட்டுப் பிள்ளைங்க பாடிக்கும். இருபதாம் தேதிக்கு வேன் சொல்லியாச்சு. எனக்குப் பரீட்சை டியூட்டி, சயின்ஸ் டீச்சரம்மா கூட்டிட்டு வருவாங்க. ஒருத்தன் சக்கர நாற்காலியில வர்றான், லிஃப்ட் ஓடுதான்னு பாத்து வைங்க. ஒருத்திக்குக் காது கேக்காது, சைகையில பேசுவா, அவ கூட்டாளி உங்களுக்குச் சொல்லுவா. வேண்டாம்னு நீங்க எழுதற கடிதாசி வந்து சேர்றதுக்குள்ள பிள்ளைங்க வந்துடுவாங்க.

மச்சான்

ஜூன் 21

அன்புள்ள மச்சானுக்கு,

வந்தாங்க. நான் எடை படிச்சேன். ஒவ்வொரு பாலமும் உடையறப்ப கூரை பறக்கற மாதிரி சத்தம்.

எல்லாம் முடிஞ்சதும் அந்தக் காது கேக்காத பொண்ணு அலமாரியக் காட்டினா. "அது எவ்வளவு தாங்கும்னு கேக்கறா சார்"னு அவ கூட்டாளி எடுத்துச் சொல்லுச்சு. நாப்பத்தொண்ணுன்னேன். ரெண்டு பேரும் கையாலேயே ஏதோ பேசிக்கிட்டாங்க. "சோதிக்காம எப்படித் தெரியும்னு கேக்கறா."

எட்டு வருஷமா இந்த லேப்ல நான் மத்தவங்கள மடக்கற கேள்வி அது. பாலத்த எடுத்து மேசையில வச்சேன்.

நாப்பத்தொண்ணு தாண்டுச்சு. ஐம்பது. நாற்காலிக்காரன் மணல் பையா எடுத்துக் கொடுக்கறான், அறுபதும் தாண்டுச்சு. மேசை மேல உள்ளங்கைய வச்சிருந்த அந்தப் பொண்ணு திடீர்னு கைய உயர்த்தினா. எங்க யாருக்கும் ஒரு சத்தமும் கேக்கல, அவ கைக்கு மட்டும் அதிர்வு தெரிஞ்சிருக்கு. அடுத்த நொடி, அறுபத்தி மூணுல, படார்!

"குச்சிய எண்ணுங்க சார், எனக்குச் சந்தேகமா இருக்கு"ன்னான் நாற்காலிக்காரன். துண்டுகளப் பொருத்தி எண்ணினோம். நூத்திப் பதினெட்டு! தளத்துக்கு நடுவுல ரெட்டை அடுக்கா ஒளிச்சு ஒட்டியிருக்கா உங்க தங்கச்சி. "ஏமாத்து! ஏமாத்து!"ன்னு லேபே கத்துது. நான் தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். டீச்சரம்மா பயந்துட்டாங்க.

விதிப்படி தோத்தது அவதான். ஆனா இன்னைக்குக் காலைல நான்தான் பாத்திரமெல்லாம் கழுவினேன். எத்தன நாள் பாத்திரம்னு கேக்காதீங்க.

அடுத்த வருஷமும் நடத்தறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். விதியில ஒரு வரி சேர்த்திருக்கேன்: நடத்தறவங்க பாலத்தையும் எண்ணிப் பாக்கணும்.

போன் பண்ணுங்க. எடுக்கறேன்.

உங்க மாப்பிள்ளை