லீக்ஸ் பாத்தி வழியே போன குழாய்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் பனி, பிறகு நல்ல வெயில். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டம். மேல் லயத்து வரிசை வீடுகளின் கழிவுக் குழாயைப் பார்க்கும் வேலை. வெள்ளைக்காரன் காலத்து மண்குழாய், ஓடையை ஒட்டியே போகிறது. கசிவைக் கண்டுபிடிக்க, மேற்பார்வையாளர் சுனில் மேலே கழிவறையில் சிவப்புச் சாயம் ஊற்றினார். நான் கரையில். கொஞ்ச நேரத்தில் கல்லிடுக்கில் சிவப்பு கசிந்தது. கீழ் லயத்துப் பெண்கள் குடம் பிடிக்கும் பீலிக்குழாய்க்கு இதே தண்ணீர்தான். பீலியில் யாரும் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பவுசர் கேட்டு ஆபீசுக்கு போன்.

மார்ச் 5, புதன்
தூறல். பாதுகாக்கப்பட்ட ஓடை, கரையைத் தோண்ட அனுமதியில்லை. குழாயை இடம் மாற்றத்தான் வேண்டும். அளந்து பார்த்ததில் ஒரே வழி, மேல் லயத்துச் செல்வி அக்காவின் லீக்ஸ் பாத்தி. கொழுந்து பறித்து வந்த பிறகு தனியாளாகப் போட்டது. தாள் இன்னும் முற்றவில்லை. நிலம் தோட்டத்துடையது, கேட்கத் தேவையில்லை என்றார்கள் ஆபீசில். மனம் கேட்கவில்லை. சாயங்காலம் போனேன். அக்கா பிளேன்டீ தந்தார். விஷயத்தைச் சொன்னேன்.
"என் தங்கச்சி கீழ் லயத்துலதான் இருக்கா. போன வருசம் அவ மகளுக்கு மஞ்சக்காமால. அப்ப எங்க அழுக்குத்தானா மிஸ் அது?"
"உறுதியா சொல்ல முடியாதுங்க அக்கா. இருக்கலாம்."
அக்கா எழுந்து போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தார்.
"தோண்டுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, புடுங்கிக்கிறேன்."
தலையாட்டிவிட்டு இறங்கினேன். நன்றி சொல்லவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மார்ச் 8, சனி
வெயில். பாத்தியில் பாதி லயம். கீழ் லயத்திலிருந்தும் வந்திருந்தார்கள், லீக்ஸ் பிடுங்க. அக்காவின் தங்கையும் மகளும்கூட. கடைக்கார நசீர் நானா லொறியோடு வந்தார். "சின்னதுதான், பரவாயில்ல. ஹட்டனுக்கு நானே கொண்டு போறேன்." நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்டேன். வருமா, தெரியாது.

மார்ச் 12, புதன்
அடைமழை. குழாய்க்கு வெட்டிய கிடங்குப் பள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. வேலை நின்றுவிடும் என்றிருந்தேன். மழை விட்டதும் லயத்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.
"யாரு மிஸ் கூப்பிட்டது?" சுனில்.
யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
புதுக்குழாய் மூடியாயிற்று. பழையதன் வாயை சிமெந்தால் அடைத்தோம். செல்வி அக்கா மண்ணை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார். ஒருவழியாகச் சொன்னேன், "ரொம்ப நன்றிங்க அக்கா."
"எனக்கு எதுக்கு மிஸ்? எத்தனையோ பேரு வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. வீட்டுக்கு வந்து கேட்டது நீங்க மட்டுந்தான்."
கடைசி பஸ் போய்விட்டது. நடந்தே வந்தேன். கால் வலி. மனம் நிறைந்து கிடக்கிறது.