ஏழாவது பிரிவுக்குக் கீழே

மார்ச் 2

எண்ணிக்கைக்காரிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். வாத்தியார் எழுதினால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நான் நலம். சமையலறைக் குழாய் ஒழுகியதே, அதை நானே சரிசெய்தேன். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ ஏரி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வேலைக்குப் போய் நாளையோடு ஒரு வருஷம். நாள் கணக்கு எனக்கும் வரும் என்று தெரிந்துகொள்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் ஆசிரியரும் அவர் மனைவியும் சேர்ந்து விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா? போன வருஷம் நீ கிளம்புவதற்குமுன் ஈரக் கையோடு அடுப்படியில் நின்றபடி போட்டுக் கொடுத்தாய். இந்த வருஷம் சபைக் குழு ஏழாவதாக ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. உலகம் இருபத்துநாலு மணி நேர நாட்கள் ஆறில், சுமார் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் படைக்கப்பட்டது. முதல் மனிதன் பாவம் செய்வதற்குமுன் எந்த உயிரும் சாகவில்லை. இவ்வளவுதான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே உன்னுடையதைப் போட்டு முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பு.

"வீட்டையே நடத்தத் தெரியாதவர் பிள்ளைங்களுக்கு வேதபாடம் எப்படி நடத்துவார்?" என்று சபைச் செயலாளர் கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. நீ போடாவிட்டால் வேலை போகும், பள்ளி கொடுத்த இந்த வீடு போகும், சபையும் போகும். எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஒரு கையெழுத்துதானேம்மா.

உன்,
வாத்தியார்

மார்ச் 9

வாத்தியாருக்கு,

அன்பும் வணக்கமும். குழாயைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஆள் கூப்பிடுங்கள்.

படிவத்தை மூன்று தடவை படித்தேன். முதல் ஆறு பிரிவுக்கும் இப்போதே கையெழுத்துப் போடுவேன். ஏழாவதுக்கு முடியாது. கோபப்படாமல் கேளுங்கள்.

ஏரியின் அடியிலிருந்து நீளக் குழாயில் எடுத்த சேற்றைப் பிளந்து மேஜைமேல் வைத்திருக்கிறோம். கோடைக்கு ஒரு வெளிறிய வரி, குளிர்காலத்துக்கு ஒரு கறுத்த வரி. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொரு எண்ணிக்கைத் தாளின் அடியிலும் கையெழுத்துப் போடவேண்டும். என்னோடு எண்ணுகிற கண்ணாடிக்காரர் கடவுளே இல்லை என்கிறவர். நான் ஜெபம் பண்ணிவிட்டு எண்ண உட்காருகிறவள். எனக்கு நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வருஷம் வந்தது. அவருக்கு அதில் அறுநூறு குறைவு. அந்த அறுநூறுக்குத்தான் எங்களுக்குள் சண்டை, உங்கள் ஆறாயிரத்துக்கும் எங்கள் எண்ணுக்கும் நடுவிலுள்ள முப்பத்தைந்தாயிரத்துக்கு அல்ல.

ஒரே வெள்ளத்தில் பல வரிகள் விழலாமே என்பீர்கள். விழும். ஆனால் வெள்ளம் கொண்டுவந்த வரி அடியில் கரகரவென்றும் மேலே மாவு போலவும் இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுகிறோம். வெளிறிய வரி ஒவ்வொன்றிலும் அந்தந்த வருஷம் பூத்த மரங்களின் மகரந்தம் இருக்கிறது. நடுவில் சிக்கிய இலைகளை வேறொரு கூடத்துக்கு அனுப்பி வயது பார்த்தோம். அங்கேயும் ஏறக்குறைய இதே எண்.

நானும் படைத்தவரை நம்புகிறவள்தான். வேதத்தின்படி சூரியனே நாலாம் நாள்தான் வந்தது என்றால் முதல் மூன்று நாளை யார் கடிகாரம் பார்த்து அளந்தார்கள்? சில வருஷத்துக்கு முன்னால் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அவருடைய நாள் நம்முடைய நாள் இல்லை, அதற்குள் எத்தனை யுகமும் அடங்கும் என்றீர்கள். எனக்கு அப்போது உங்கள்மேல் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எண்ணிக்கைக்காரி

மார்ச் 14

என் அன்பானவளுக்கு,

சொன்னேன். அப்போது சிட்டு இருந்தாள்.

உனக்குத் தெரியாததையா எழுதப்போகிறேன்? ஆனாலும் எழுதவேண்டும், போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். நாலு வயதுப் பிள்ளையைப் பதினோரு நாள் காய்ச்சலில் பறிகொடுத்து வீட்டுக்கு வந்தோம். பழைய சபையில் என்ன சொன்னார்கள்? "எல்லாம் இயற்கைதான் தம்பி, மனசைத் தேத்திக்கோங்க." இயற்கையாம். இந்தச் சபைக்காரர்கள்தான் தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இயற்கை இல்ல. சாவு கர்த்தர் உண்டாக்கினது இல்ல. அது எதிரி" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இன்றுவரை நிற்கிறேன்.

யோசித்துப் பார். பாவத்தால் வந்தது சாவு என்றால் அது திருடன். வீட்டுக்குள் புகுந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான், வீட்டுக்காரராகிய கர்த்தர் ஒருநாள் அவனைப் பிடிப்பார். உன் சேற்றில் மனிதன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே மீனும் பூச்சியும் செத்துக் கிடக்கின்றன என்றால், சாவு திருடன் இல்லை. வீட்டுக்காரரே சம்பளம் கொடுத்து வைத்த வேலைக்காரன். அப்புறம் நான் யாரிடம் போய் அழுவேன், சொல்?

உன் எண்ணை என்னால் மறுக்க முடியவில்லை. நான் வேதபாட வாத்தியார், சேற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அது உண்மையாக இருந்தால் என்னால் இருக்க முடியாது. பயமுறுத்தவில்லை. கெஞ்சுகிறேன். எனக்காகப் போடு.

வாத்தியார்

மார்ச் 20

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தை ஆராய்ச்சிக் கூடத்துக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கண்ணாடிக்காரர் கதவைத் தட்டி, "உள்ள இருக்கீங்களா, இல்ல கரைஞ்சுட்டீங்களா?" என்று கேட்கும்வரை வெளியே வர முடியவில்லை.

சாவு திருடனா வேலைக்காரனா என்று எனக்குத் தெரியாது. நானும் தினமும் கர்த்தரிடம் கேட்கிறேன், சில நாள் சண்டையே போடுகிறேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அழாமல் இருக்கிறேன் என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். அது உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்திருந்தேன். புரிந்தும் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைத்தீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஒன்று நினைத்துப்பாருங்கள். அந்தப் பதினோரு நாளும் நர்ஸிடம் நாம் என்ன கேட்டோம்? காய்ச்சல் பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு, "பரவாயில்ல சார், குறைஞ்சிருக்கு" என்றாளே, அன்றைக்கு நீங்கள் என்ன கத்துக் கத்தினீர்கள்! "எங்களுக்கு ஆறுதல் வேணாம், உண்மையான நம்பரைச் சொல்லுங்க" என்றீர்கள். அந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்பதற்காக எண்ணை மாற்ற எனக்குக் கை வராது.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். முப்பதாம் தேதி லீவு போட்டுவிட்டு வருகிறேன். குழுவின் முன்னால் நானே நின்று பேசுகிறேன். என்மேல் கோபப்படட்டும், உங்களை விட்டுவிடட்டும். வரட்டுமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

எண்ணிக்கைக்காரி

மார்ச் 26

அன்பானவளுக்கு,

நீ வரவேண்டாம். விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குழு பெருந்தன்மையாக நடந்துகொண்டது. இனி இதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம்.

குழாய்க்கு ஆள் வந்தார். நான் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, "இதை யார் சார் இப்படிப் பண்ணினது?" என்றார். முன்னால் குடியிருந்தவர் என்று சொல்லிவிட்டேன்.

கோடை லீவுக்கு வா. ஒரு வாரமாவது வா.

வாத்தியார்

மே 6

வாத்தியாருக்கு,

எங்கள் தலைமை ஆய்வாளர் இன்று காலை என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் உங்கள் சபையின் மாதப் பத்திரிகை இருந்தது. "ஏரிச் சேற்றை ஆராயும் சகோதரியே சாட்சி: உலகுக்கு வயது ஆறாயிரம்." கீழே என் பெயரில் கையெழுத்தோடு படிவத்தின் படம். பக்கத்தில் என் எண்ணிக்கைத் தாளை வைத்து, "ரெண்டுல எது உங்க கையெழுத்து?" என்று கேட்டார். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் என் பெயருக்குக் கீழே கோடு போடுகிறவள் இல்லை. எதற்கும் கீழே கோடு போடுகிற வாத்தியார் நீங்கள்தான்.

"எண்ணிக்கைத் தாளில் இருப்பது என்னுடையது" என்றேன். "அப்ப இது?" என்றார். என் புருஷன் போட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. இது தெளிவாகும்வரை எண்ணும் வேலையில் என்னை வைக்க முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கட்டுரை எழுதப்போகும் நேரம் இது. எண்ணியவளே பொய்க்காரி என்றால் எண்ணை யார் நம்புவார்கள்? கண்ணாடிக்காரர் முதல் வரியிலிருந்து திரும்ப எண்ண ஆரம்பித்திருக்கிறார். நான் சேற்றுக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். அழாமல் இருக்க எனக்கிருந்த ஒரே வேலையும் போயிற்று.

மத்தியானம் உங்கள் குழுவுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். எழுதி, கவரில் போட்டு, ஒட்டியும் விட்டேன். பிறகு நீங்கள் அந்த வீட்டை விட்டு, அந்த மனிதர்களை விட்டு, தெருவில் நிற்பதை நினைத்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் கையெழுத்து அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு அது இல்லாமல் இருக்க முடியாது என்றீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வீட்டில் இனி அந்தக் கையெழுத்துக்காரிதான் உங்கள் மனைவி. நான் வரமாட்டேன். லீவுக்கும் இல்லை, பிறகும் இல்லை. எனக்கு எழுதவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மே 18

என் மனைவிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்றேன். "என் மனைவி ஏழாவது பிரிவுல கையெழுத்துப் போடல. நான்தான் போட்டேன்" என்றேன். செயலாளர், "உட்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நான் உட்காரவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன், பின்வரிசைக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்று.

மாலையில் நாலு பேர் வந்து வேலை இல்லை, செவ்வாய்க்குள் வீட்டைக் காலிசெய்யவேண்டும் என்றார்கள். பள்ளிச் சாவியை வாங்கும்போது செயலாளர் அழுதார். சிட்டு போன அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே மனிதர். "ஏன் சார் சொன்னீங்க? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் தலைமை ஆய்வாளருக்கும் எல்லாவற்றையும் எழுதி இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். உன் கையெழுத்தை எப்படிப் பழகினேன் என்பது உட்பட எழுதியிருக்கிறேன். பழகுவதற்கு நோட்டில் இரண்டு பக்கம் ஆயிற்று.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்தோராயிரம் என்று இன்னும் என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. சொல்லப் பார்த்தேன். சொன்னால் சிட்டுவை இன்னொருமுறை நானே என் கையால் சாவுக்குக் கொடுத்தது போல இருக்கிறது. ஆனால் ஆறாயிரத்தைக் காப்பாற்ற நான் பொய்க் கையெழுத்துப் போடவேண்டி வந்ததே, என் பொய் தேவைப்படும் அளவுக்கா கர்த்தருடைய நிலைமை மோசமாகிவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குப்பிறகு அந்த எண்ணையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. இப்போது என் கையில் எந்த எண்ணும் இல்லை. பயமாக இருக்கிறது. நீ இத்தனை நாள் இப்படித்தான் இருந்தாயா? இப்படி இருந்துகொண்டா காலையில் எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு வேலைக்குப் போனாய்?

அதை எனக்குச் சொல்லிக்கொடு. சேற்றைப் பற்றி வேண்டாம், இதை மட்டும். ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

வராதே என்று எழுதுவதானால் எழுது, அது உன் உரிமை. நாளைக் காலை முதல் வண்டியில் உன் ஊருக்குக் கிளம்புகிறேன். உன் கடிதம் இங்கே வந்து சேரும்போது வாங்க ஆள் இருக்காது.

வாத்தியார்